இரண்டு கட்டில் கொள்ளும் அறை

ஜூன் 9, திங்கள்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஜனவரியில் கொடுத்த டைரி இத்தனை நாளும் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்தேன். ஒரு நிபந்தனையோடுதான் தொடங்குகிறேன்: இதில் ஊர்ச் செய்தி மட்டும். வீட்டு விஷயம் கிடையாது. அதை எழுதி வைத்தால் என்றைக்காவது யாராவது படித்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

இன்றைய ஊர்ச் செய்தி: தொட்டிமேட்டில் சும்மா கிடக்கும் மாநகராட்சி இடத்தில் முதியோருக்குக் குறைந்த வாடகை வீடுகள் வரப்போகின்றனவாம். இடம் மாநகராட்சி கொடுக்கும். கட்டுவதற்குத் தனியார் யாராவது முன்வர வேண்டும். பாதி வீடுகளை அவர்கள் இஷ்டத்துக்கு விற்றுக்கொள்ளலாம். மீதி, வசதி குறைந்த வயசாளிகளுக்கு. என்னைப்போலச் சின்ன பென்ஷன் வாங்குகிறவர்களும் சேர்த்தி. கட்ட விரும்புகிறவர்கள் ஜூலை 24க்குள் டெண்டர் போட வேண்டும். பேப்பரில் நான்காம் பக்கம், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள்.

எனக்கு இதில் ஒன்றும் இல்லை. வயது எழுபத்தொன்று, பெரிய மகன் லோகநாதன் வீட்டில் இருக்கிறேன். ஹாலில் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவில் என் கட்டில். மூன்று வேளையும் சோறு தவறுவதில்லை. மருமகள் பிரேமா நல்ல பெண். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக நின்றுகொண்டே காலம் தள்ளியவனுக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிது.

ராமாத்தாள் சின்னவன் மோகன்குமார் வீட்டில் இருக்கிறாள். ஊரின் அந்தக் கோடி, இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் சொந்த வீட்டை விற்றபோது பையன்கள் இருவரும் உட்கார்ந்து பேசி, அப்பா பெரியவனுக்கு, அம்மா சின்னவனுக்கு என்று முடிவு செய்தார்கள். கிரைண்டரும் அன்றைக்குத்தான் சின்னவன் வீட்டுக்குப் போனது. இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைக்க இடம் பத்தாது. தவிர, சின்னவன் வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். எங்களைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்போம்.

இது வீட்டு விஷயமாகிவிட்டது. நிறுத்துகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

கத்தரிக்காய் நன்றாக இருந்தது. வெண்டை முற்றல்.

செவ்வாயும் வெள்ளியும் பிரேமா என்னை உழவர் சந்தைக்கு அனுப்புவாள். அதே நாட்களில் ராமாத்தாளும் அதே சந்தைக்கு வருவாள். அவள் இருக்கும் பக்கத்திலேயே ஒரு சந்தை உண்டு. அங்கே தக்காளி சரியில்லை என்று சின்ன மருமகள் சத்யாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தச் சந்தைத் தக்காளியை நான் பார்த்ததில்லை, அதனால் கருத்துச் சொல்ல முடியாது.

இரண்டு பைக்கும் கத்தரிக்காய் நான் பொறுக்குவேன், இரண்டு பைக்கும் கீரை அவள் பார்ப்பாள். அப்புறம் இளநீர் வண்டி ஓரமாகக் கொஞ்சம் நிற்போம். தொட்டிமேட்டுச் செய்தியைச் சொன்னேன். "நமக்கெதுக்குங்க அந்த நாயமெல்லாம்? பசங்க காதுல உழுந்தா என்ன நெனப்பாங்கொ," என்றாள். ஊர்ச் செய்தி, அவ்வளவுதான் என்றேன்.

பஸ் வந்தது. ஏறுகிறபோது படியில் நின்று திரும்பி, "அங்க அடுப்படி தனியா இருக்குமாமா?" என்று கேட்டாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டான்.

ஜூன் 18, புதன்

காலை நடையைத் தொட்டிமேட்டுப் பக்கம் மாற்றிக்கொண்டேன். காற்று நன்றாக இருக்கிறது.

பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துப் பல வருடமாகிறது. கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தார்கள். உதவிப் பொறியாளர் ஒரு பெண், நிலோஃபர் என்று பெயர், டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். ஒரு வீட்டில் என்னென்ன வரும் என்று விசாரித்தேன். ஒரு அறை, சமையல் மேடை, கழிப்பறை, முன்னால் நாற்காலி போட ஒரு இடம். அறையில் இரண்டு கட்டில் கொள்ளுமா என்று கேட்டேன். தாராளமாகக் கொள்ளும், யாருக்கு என்றாள். ஒரு சிநேகிதனுக்கு என்றேன். அப்படியானால் இரண்டாவது கட்டில் யாருக்கு என்றாள். அவன் சம்சாரத்துக்கு என்றேன்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே சிரித்தாள். இந்தப் பெண் பரிசோதகர் வேலைக்கு வந்திருந்தால் ஒருத்தன்கூட டிக்கெட் இல்லாமல் போயிருக்க முடியாது.

வாடகைக்குத் தனி வீடு பார்ப்பதுதானே என்று கேட்பவர்கள் கேட்கலாம். போன வருடம் ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தேன், சும்மாதான். வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையன் இல்லையா, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்றார். கிழவன் கிழவிக்கு வீடு கொடுத்தால் வீட்டுக்குள் சாவு விழும் என்று பயம். அந்தத் தெருப் பக்கமே அப்புறம் போகவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஹாலில் இரண்டு கட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பாதத்தால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேமா வந்து என்ன மாமா தேடுகிறீர்கள் என்றாள். மூக்குக்கண்ணாடி என்றேன். அது மூக்கில்தான் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. எதிர்வீட்டுப் புது மருமகளை அவள் அப்பா வந்து காரில் கூட்டிப் போனார். புது மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்த பார்வைக்குத் தெருவே சிரித்தது.

இப்போதுதான் எனக்கு உறைத்தது. டெண்டர் கடைசி நாள் ஜூலை 24. ஆடி எட்டு. ஆடியில் ஒரு செங்கல் வாங்கமாட்டான் எந்தக் கட்டடக்காரனும். பத்திரப்பதிவு அலுவலகமே ஈ ஓட்டும். ஏ.சி. அறையில் உட்கார்ந்து தேதி குறித்தவர்கள் இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை ஒருத்தரும் கிழித்துப் பார்க்கவில்லை.

எனக்கு இதில் ஒன்றும் இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். இருந்தாலும் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

சந்தையில் ராமாத்தாளிடம் எதிர்வீட்டு மாப்பிள்ளை கதையைச் சொன்னேன். அவனுக்கு ஒரு மாசம், நமக்கு மூணு வருசமா ஆடிதான் என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கீரைக்கட்டைப் பைக்குள் திணித்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி திணித்தாள்.

முழங்கால் வலிக்கிறதாம். பஸ் படி ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஏறினாள்.

ஜூலை 22, செவ்வாய்

ராமாத்தாள் வரவில்லை. இளநீர் வண்டியின் நிழல் நகர்ந்து போகிற வரைக்கும் நின்றேன். வாங்கிய கத்தரிக்காய் அதிகமாகிவிட்டது. எதற்கு மாமா இவ்வளவு என்று பிரேமா கேட்டாள். மலிவு என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

இன்றும் வரவில்லை.

அவளிடம் தனியாக போன் கிடையாது. சத்யாவின் போனுக்கு அடித்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். மோகனுக்கு அடித்து, பேத்திக்குச் சளி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். பேத்தி நன்றாக இருக்கிறாளாம். பேச்சோடு பேச்சாக, அம்மாவுக்கு முட்டி வீங்கிக் கிடக்கிறது, அதனால் காயெல்லாம் இனி போன் ஆப்பில் வாங்கிக்கொள்கிறோம், வாசலுக்கே வந்துவிடுகிறது என்றான். அம்மாவுக்கு அலைச்சல் மிச்சம் என்றான். நல்ல யோசனை என்று சொன்னேன்.

நல்ல யோசனை. அந்த ஆப்பைக் கண்டுபிடித்தவன் நாசமாய்ப் போக.

ஊர்ச் செய்தியை மறந்துவிட்டேன். தொட்டிமேட்டுக்கு ஒருவர்கூட டெண்டர் போடவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்த நிலோஃபர் என்னைப் பார்த்ததும், "ஆடியிலங்கய்யா, யாரு கையெழுத்துப் போடுவாங்க? நான் அப்பவே சொன்னேன், கேக்கலை," என்றாள். ஆவணிக்குத் தள்ளி வைக்கிறார்கள். ஆகஸ்ட் 12-ல் கட்டடக்காரர்களைக் கூப்பிட்டு அவர்களுக்கு என்ன சங்கடம் என்று கேட்கப்போகிறார்கள். வயசானவர்களும் நாலு பேர் வந்து பேசினால் நல்லது, வீட்டுக்கு ஆள் வருமா என்பதே கட்டடக்காரர்களுக்குச் சந்தேகம் என்றாள். இந்த முறையும் யாரும் டெண்டர் போடவில்லையென்றால் இடத்தைப் பார்க்கிங்குக்கு விட்டுவிடுவார்களாம்.

உங்கள் சிநேகிதரையும் கூட்டி வாருங்கள் என்றாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எல்லோரும் சின்னவன் வீட்டில் சாப்பாடு. ராமாத்தாளைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அவள் சமையலறையில், நான் ஹாலில். பரிமாற வந்தபோது சுவரைப் பிடித்து நடந்தாள். என் இலையில் கத்தரிக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை வைத்தாள், நான் கேட்கவில்லை. பேசுவதற்கு வாய்க்கவில்லை, ஒரு வீடு நிறைய ஆட்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் மோகன் செய்தியைச் சொன்னான். புனேவுக்கு மாற்றலாகிவிட்டதாம். செப்டம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு கிளம்புகிறான். அம்மாவும் வருகிறாள், குழந்தைக்குப் பழக்கமான ஆள் வேண்டும், அம்மாவுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்றான். லோகநாதன் அதற்குத் தலையாட்டினான். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சரிப்பா என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சரி என்று சொல்லியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாநகராட்சி மண்டபத்தில் கூட்டம். மூத்த குடிமக்கள் சார்பில் நாலு பேர் வேண்டுமாம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். தூறல் போட்டதால் லோகநாதன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். மோட்டார் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். அவன் வாடிக்கைக்காரர்கள் பலர் அங்கே இருந்ததால் கிளம்பாமல் பின்வரிசையில் நின்றான்.

கட்டடக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். பேசியது விசுவநாதன் என்பவர் மட்டும்தான். அவர் போட்டால்தான் டெண்டர் என்கிற மாதிரி மற்றவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனித்தனி வீடு கட்டுப்படியாகாது என்றார். ஆண்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்கு ஒரு பகுதி, பெரிய ஹாலாகக் கட்டி வரிசையாகக் கட்டில் போட்டுவிடலாம், பொதுச் சமையல், பொதுக் கழிப்பறை. எல்லா முதியோர் இல்லத்திலும் அப்படித்தானே இருக்கிறது என்றார். அப்படி மாற்றிக் கொடுத்தால் ஆவணியிலேயே வேலையைத் தொடங்கிவிடுவாராம். கூட்டத்தை நடத்திய துணை ஆணையர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நிலோஃபர் எழுந்து ஏதோ சொல்லப் போனாள். உட்காரம்மா என்று கையைக் காட்டினார்.

நாங்கள் வயசாளிகள் ஒரு ஓரமாக இருந்தோம். யாரும் சொல்லாமலேயே ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். "பெரியவங்க யாருக்காச்சும் சொல்றதுக்கு இருக்குதுங்களா? இல்லைன்னா எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்கறோம்," என்றார் துணை ஆணையர்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த ஹால் எழும்பிவிட்டால் இந்த ஊரில் எங்களுக்கென்று வரக்கூடிய ஒரே அறையும் போய்விடும். அவள் புனேவில், நான் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். யாராவது ஒருவர் செத்தால் இன்னொருவர் ரயிலேறி வருவோம். இதுதான் மனதில் ஓடியது. எப்போது எழுந்தேன் என்று தெரியாது, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சம்மதமில்லை என்றேன். ஏன் என்றார். சாய்தளம், வெளிச்சம், கழிப்பறையில் பிடிமானக் கம்பி என்று பேசுவதற்கு நிறையத் தயார் செய்து போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"எனக்கு என் சம்சாரத்தோட இருக்கோணுங்க," என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். விசுவநாதனும் சிரித்துக்கொண்டே, "இந்த வயசுலயுங்களா?" என்றார்.

"இந்த வயசுலதானுங்க. ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம்னு நீங்க புதுசாக் கட்டித் தர வேண்டாம். அது எங்களுக்கு இப்பவே இருக்குது. பெரிய பையன் வீடு ஒரு பக்கம், சின்னப் பையன் வீடு ஒரு பக்கம். நடுவால ரெண்டு பஸ்ஸு."

சிரிப்பு நின்றது. பெண்கள் வரிசையில் துணிப்பையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள் தலை நிமிராமலேயே, "எனக்கும் அதேதானுங்க," என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் துடைத்தாள். துணை ஆணையர் பேனாவை மூடி வைத்தார்.

திரும்பிப் பார்த்தேன். லோகநாதன் நின்ற இடம் காலியாக இருந்தது. தூறலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று ராத்திரி லோகநாதன் நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான். இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டவன் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தான். என் கட்டிலுக்கு எதிரில் நின்றான்.

"சோத்துல ஏதாவது கொறை வெச்சமாப்பா?"

"இல்லப்பா."

"அப்பறம் எதுக்கு ஊர் நடுவுல எங்களை நிறுத்தி வெச்சீங்க? கடைக்கு வாரவனெல்லாம் என்ன கேக்கறான் தெரியுமா? உங்கப்பனையும் அம்மாளையும் பிரிச்சா வெச்சிருக்கேன்னு கேக்கறான்."

நல்ல பிள்ளைதான். போன வருடம் எனக்கு டைபாய்டு வந்தபோது கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல நான் எழுந்து நிற்கவில்லை. அதை அவனிடம் சொல்லவும் தெரியவில்லை. அவன் கண் சிவந்திருந்தது. போய்விட்டான்.

பொழுது சாய்ந்ததும் மோகன் போனில் கத்தினான். கேட்டுக்கொண்டேன். அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்தே வரவில்லை என்றான்.

ஆகஸ்ட் 16, சனி

ராமாத்தாளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு நாளாக ஒன்று என்னை அரிக்கிறது. ஊரைக் கூட்டி வைத்து அவளோடு இருக்க வேண்டும் என்று சொன்னேன். என்னோடு இருக்க வேண்டுமா என்று அவளைக் கேட்டேனா? பேத்தியை விட்டுவிட்டு வருவாளா? புனே அவளுக்குப் பிடித்திருக்கிறதோ என்னவோ. அடுப்படி தனியாக இருக்குமா என்று அவள் படியில் நின்று கேட்ட ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நானாக ஒரு வீட்டையே கட்டி முடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. இரண்டு பஸ் ஏறிப் போனேன்.

கதவைத் திறந்த சத்யா வாங்க மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மோகன் வெளியே வரவில்லை. அட்டைப்பெட்டிகள் பாதி கட்டியும் கட்டாமலும் கிடந்தன. ராமாத்தாள் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டியில் தைலம் மணத்தது. பேத்தி அவள் முந்தானையைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

"ஊருக்கே சொன்னீங்களாமா," என்றாள், என்னைப் பார்க்காமல்.

"சொன்னேன்."

"எங்கிட்டச் சொன்னீங்களா?"

அடுப்படியைப் பற்றிக் கேட்டாயே என்றேன்.

"அடுப்படி கேட்டா வர்றேன்னு அர்த்தமுங்களா? அன்னைக்குப் பசங்க என்னையக் கேக்காமப் பிரிச்சாங்கொ. இன்னைக்கு நீங்க என்னையக் கேக்காமச் சேத்தறீங்கொ. ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

ஓடுகிற பஸ்ஸில் எத்தனையோ பேரிடம் டிக்கெட் எங்கே என்று கேட்டு விழிக்க வைத்தவன் நான். இன்றைக்கு விழித்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. வெட்கமாக இருந்தது.

சுவரோரம் இருந்த தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எனக்கும் முட்டி வலித்தது. "இப்பக் கேக்கறேன் புள்ள. எங்கூட வந்து இருக்கறயா?" என்றேன். கல்யாணத்தின்போது இந்தக் கேள்வியை என் சித்தப்பா அவள் மாமாவிடம் கேட்டார். நான் அவளிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

வெகுநேரம் பேத்தியின் ஜடையைப் பிரித்துப் பின்னினாள். பிறகு, "கொழந்தைக்குச் சோறூட்டோணும். நீங்க போங்க. ரோசன பண்ணிச் சொல்றேன்," என்றாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சந்தை. வரமாட்டாள் என்று தெரியும், போனேன்.

இனிமேல் நம் வீட்டுக்கும் காயை ஆப்பில் வாங்கிவிடலாம் என்று லோகநாதன் சொன்னானாம். பிரேமா, நான்தான் வேண்டாம் என்றேன் மாமா, நீங்கள் போய்க்கொண்டே இருங்கள் என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பதில் இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பதில் இல்லை. மோகன் வீட்டுச் சாமான் வெள்ளிக்கிழமை லாரியில் ஏறுகிறதாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டெண்டர் திறந்தார்கள். மாநகராட்சி அலுவலக வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். நிலோஃபர் படியிறங்கி வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. விசுவநாதன் போட்டிருக்கிறார், வேறொருவரும் போட்டிருக்கிறார். ஹால் இல்லை, தனித்தனி அறைதான். ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டில் கொள்ளும்.

கூட்டம் நடந்த மறுநாளிலிருந்து வார்டு அலுவலகங்களுக்கு வயசாளிகள் வரத் தொடங்கிவிட்டார்களாம். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: ரெண்டு பேர் இருக்கலாமா? வீட்டுக்கு ஆள் வரும் என்று தெரிந்த பிறகு கட்டடக்காரர்களுக்கும் பயம் போய்விட்டது.

எப்போது முடியும் என்று கேட்டேன். அவள் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. "ரெண்டு வருசம் ஆகுமுங்கய்யா," என்றாள்.

அவளுக்கு நன்றி சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் மற்றதை யோசித்தேன். மோகன் ஒன்றாம் தேதி ரயிலேறுகிறான். இரண்டு வருடம். எங்கள் வயதில் இரண்டு வருடத்தை யார் கைமாற்றுத் தருவார்கள்? ஜெயித்த செய்தியை வைத்துக்கொண்டு அழுதவன் இந்த ஊரில் இன்றைக்கு நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மோகனுக்கு அடித்து, அம்மாவிடம் சொல்லிவிடு, டெண்டர் வந்துவிட்டது, இரண்டு வருடம் ஆகுமாம் என்றேன். ம் என்றான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் கார் நின்றது. மோகன் இறங்கினான். முகம் சரியில்லை. பின்கதவைத் திறந்து ராமாத்தாளைக் கைபிடித்து இறக்கினான். கையில் ஒரு பை. ஊருக்குப் போகுமுன் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

உள்ளே வந்தவள் நாற்காலியைப் பார்க்கவில்லை, சோபாவைப் பார்க்கவில்லை. நேராக வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். பையைக் காலடியில் வைத்தாள். பிரேமா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பையன்கள் இரண்டு பேரையும் எதிரில் வரச் சொன்னாள்.

"கண்ணுகளா, அந்த வீட்டைக் கட்ட ரெண்டு வருசம் ஆகுமாமா. அதுவரைக்கும் எங்க ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வெய்யுங்க. புனேன்னாலும் சரி, இந்த ஹாலுன்னாலும் சரி. எந்த வீடுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க. அன்னைக்குப் பேசினீங்கல்ல, அதே மாதிரி. பேசி முடிக்கற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

மோகன், குழந்தை, டிக்கெட், நாளைக்கு ரயில் என்று ஏதேதோ சொன்னான். லோகநாதன், ஹாலில் எப்படிம்மா என்றான். அவள் காலைத் தூக்கிக் கட்டிலில் நீட்டி, சேலையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டாள். அவளுடைய முட்டி எவ்வளவு வீங்கியிருந்தது என்று அப்போதுதான் இருவரும் சரியாகப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து லோகநாதன் தம்பி தோளில் கைவைத்து வெளியே கூட்டிப் போனான்.

வெளியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். குரல் உயர்கிறது, தாழ்கிறது. என்ன முடிவு வரும் என்று தெரியவில்லை. சற்று முன் பிரேமா வந்து, ஃபிரிட்ஜைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினால் இன்னொரு கட்டில் கொள்ளுமா மாமா என்று மெதுவாகக் கேட்டாள். கொள்ளும் என்றேன். அதெப்படி உடனே சொல்கிறீர்கள் என்றாள். ஒரு உத்தேசம்தான் என்றேன்.

ராமாத்தாள் பக்கத்தில்தான் இருக்கிறாள். இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஊர்ச் செய்தி என்றேன். நம்பவில்லை. ஆனால் நான் சௌகரியமாக எழுதட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.